பூட்டிக் கிடக்கும் கணினி அறையைத் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாடசாலைக்குள் கைபேசி விளையாட்டு என்ற பேச்சே இருக்கக்கூடாது என்று ஒரு பக்கமும், எங்கள் பிள்ளைகளும் கண்ணுக்கு முன்னால் வேறொரு உலகத்தையே காட்டுகிற விஆர் கண்ணாடி மாட்டிக்கொண்டு செவ்வாய்க் கிரகத்தில் நடக்க வேண்டும், அதற்கு யாராவது நிதி தாருங்கள் என்று இன்னொரு பக்கமுமாக உங்கள் பத்திரிகையில் கொஞ்ச நாளாகக் கடிதங்கள் வருகின்றன. இரண்டு பகுதியும் பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில்தான் எழுதுகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு பகுதியிலும் யாரும் ஒரு வகுப்பறைக்குள் போய் நின்று பார்த்துவிட்டு எழுதியதாகத் தெரியவில்லை. நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் காட்டோரப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். விளையாட்டும் சிமுலேஷனும், அதாவது உண்மையில் நடப்பதைக் கணினியிலோ பலகையிலோ போலச் செய்து பார்ப்பதும், படிப்புக்கு உதவும் என்பது என் கட்சி. ஆனால் அதற்கு வேண்டியது பெரிய பெரிய கருவி இல்லை என்பதும் என் கட்சிதான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தடை செய்யச் சொல்கிறவர்களுக்கு. கைபேசியில் ஃப்ரீ ஃபயர் என்ற துவக்குச் சண்டை விளையாடும் பெடியனைப் பார்த்து வரும் கோபம் எனக்கும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடிய பிறகு, சூம் வகுப்புக்கென்று தாய் தகப்பன் கடன்பட்டு வாங்கிக் கொடுத்த கைபேசிகள் அவை. வகுப்பு நின்றுவிட்டது, கைபேசி மட்டும் கையில் தங்கிவிட்டது. அதிலும், உண்மையான ஷெல் குண்டுச் சத்தத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் ஓடிய அம்மாமார் இருக்கிற வீடுகளில் இரவு பத்து மணிக்குப் போனுக்குள் இருந்து வெடிச்சத்தம் கேட்டால் எப்படி இருக்கும் என்பதை வன்னியில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெடியன் ஏன் அதில் மணிக்கணக்காகக் குந்தியிருக்கிறான்? பிழை விட்டால் யாரும் ஏசுவதில்லை, உடனேயே திரும்பத் தொடங்கலாம், தான் செய்ததற்கு என்ன பலன் என்பது அந்த நொடியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் வகுப்பில் அவன் எழுதிய விடை சரியா பிழையா என்று தெரிய, கொப்பி திருத்தி வரும்வரை ஒரு கிழமை இருக்க வேண்டும். வரும்போது சிவப்புக் கோடு மட்டும்தான் வரும், ஏன் பிழை என்பது வராது. துவக்கை எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் வகுப்புக்குள் கொண்டுவர முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும், உலகத்தில் பல இடங்களில் செய்திருக்கிறார்கள், எங்களாலும் முடியும்.

மின்சுற்றுப் பாடத்தை எடுங்கள். சாதாரண தரப் பாடப் புத்தகம் சொல்கிறது, மின்கலம், குமிழ், ஆளி, அம்பியர்மானி, வோல்ட்மானி கொண்டு சுற்றை அமைத்துப் பார்க்கச் சொல்லி. ஆய்வுகூட அலுமாரியைத் திறந்தால் இருப்பது ஊசி அசையாத அம்பியர்மானியும், பியூஸ் போன குமிழ்களும், பச்சை பூத்த கம்பியும். 2022 நெருக்கடிக்குப் பிறகு பற்றரி வாங்கக் காசு கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆகவே என்ன நடக்கிறது? கரும்பலகையில் படம் கீறுகிறோம், பிள்ளைகள் அதைப் பார்த்துக் கீறுகிறார்கள், சோதினையில் திரும்பக் கீறுகிறார்கள். குமிழ் எரிந்ததை ஒருவரும் காணவில்லை.

2001இல் பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் என்பவர் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் என்ற திட்டம் இருக்கிறது. பௌதிகவியல், இரசாயனவியல், கணிதம் என்று ஏராளமான சிமுலேஷன்கள், எல்லாம் இலவசம், பல தமிழிலும் இருக்கின்றன. எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கோப்பு. நெட் இருக்கிற இடத்தில் ஒருமுறை இறக்கி பென் ட்ரைவில் போட்டுக்கொண்டால் பிறகு டேட்டாவே தேவையில்லை, பழைய மடிக்கணினியிலும் ஓடும். சிக்னல் ஒரு கோடு வந்து போகிற எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

அதில் மின்சுற்று என்று ஒன்று. கம்பியை இழுத்துக் கலத்தில் தொடுத்துக் குமிழை வைத்தால் எரியும், கம்பிக்குள் இலத்திரன்கள் நீலப் புள்ளிகளாக ஊர்ந்து போவதும் தெரியும். குமிழே இல்லாமல் கலத்தின் இரண்டு முனையையும் கம்பியால் நேரே தொடுத்தால் கலம் தீப்பற்றி எரியும். எந்த வகுப்பிலும் பிள்ளைகள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான், கண்டுபிடித்ததும் வகுப்பே ஒரு கூச்சல். கத்தட்டும். குறுஞ்சுற்று என்று நான் பத்துத் தரம் எழுதிப் போட்டதை விட அந்த நெருப்பு நன்றாக விளக்குகிறது, வீடும் எரியவில்லை. அதை விட முக்கியமான இடம் இன்னொன்று உண்டு. இரண்டு குமிழைத் தொடராக வைத்தால் முதலாவது குமிழ் கொஞ்ச ஓட்டத்தைத் தின்றுவிடும், இரண்டாவதற்கு மிச்சம்தான் போகும் என்று கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள், வாயால் சொல்லி இந்த நினைப்பை மாற்றவே முடியாது. புள்ளிகள் முதல் குமிழைத் தாண்டியும் அதே வேகத்தில் போவதையும், இரண்டு குமிழும் ஒரே அளவில் மங்கலாக எரிவதையும் கண்ணால் கண்ட பிறகுதான் "அப்ப சேர், தின்கிறது எதை?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் சக்தி பற்றிய பாடத்துக்குள் அவர்களாகவே நடந்து வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இது என் ஆசை மட்டும் இல்லை. அதே கொலராடோவில் செய்த ஒரு ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஒரு பகுதி மாணவர் உண்மையான கம்பி, குமிழோடு ஆய்வுகூடத்தில் படித்தார்கள், மறு பகுதி இந்தச் சிமுலேஷனோடு மட்டும் படித்தார்கள். பிறகு எல்லாரையும் உண்மையான சுற்று ஒன்றை அமைத்து விளக்கச் சொன்னால், சிமுலேஷனில் படித்தவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். அவர்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகள், எங்களுடையவர்கள் பதினைந்து வயதுக்காரர், அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது என்பது சரி. அதோடு, திரையில் மட்டும் செய்துவிட்டு விடுவதையும் நான் ஏற்கவில்லை. கம்பியின் தோலைப் பல்லால் கடித்து உரித்துப் பார்க்காத பிள்ளைக்கு (கடிக்கக்கூடாது என்று நாங்கள் சொல்வோம், அவர்கள் கடிப்பார்கள்) மின்சுற்று முழுதாக வராது. முதலில் திரை, பிறகு இருக்கிற ஒரேயொரு நல்ல குமிழை வைத்து எல்லாருக்கும் நடுவில் ஒருதரம் உண்மையாக. இந்த வரிசையில் போனால் குமிழும் மிஞ்சும்.

திரையில்தான் செய்ய முடியும், கையால் செய்யவே கூடாது என்றும் சில உண்டு. பரந்தனால் பஸ்ஸில் போகிற எல்லாருக்கும் அந்தப் பழைய இரசாயனத் தொழிற்சாலையைத் தெரியும். 1950களில் தொடங்கி, 1980களில் போரோடு நின்று போனது. ஆனையிறவு உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலில் மின்னைப் பாய்ச்சி, ஒரு முனையில் குளோரீன், மற்ற முனையில் ஐதரசன், கூடவே எரிசோடா என்று எடுத்த இடம் அது. பாடப் புத்தகத்தில் இருக்கிற அதே மின்பகுப்பு, எங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே தொழிலாக நடந்திருக்கிறது! இன்றைக்குப் பிள்ளைக்கு அது வெறும் இடிந்த கட்டடம், ஆசிரியருக்கு அது வெறும் சமன்பாடு. குளோரீன் நச்சு வாயு, நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் அதை விட முடியாது. கணினிக்குள் கட்டி உள்ளே நடந்து பார்க்கிற மெய்நிகர் உலகம் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அது எங்களுக்குத் தேவையென்றால் இங்கேதான் தேவை. தொழிற்சாலைக்குள் நடந்து போக வேண்டும், உப்புக் கரைசல் குழாயைத் திறக்க வேண்டும், மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும், குளோரீன் கசிந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த ஊர்ச் சனத்தை எழுப்ப வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது, வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. இறுதி வருட மாணவர்களுக்குச் செய்திட்டம் என்று ஏதோ ஒன்று எப்படியும் கொடுக்கத்தான் போகிறார்கள், இதைக் கொடுக்கலாமே. அங்கே வேலை செய்த பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், எந்த இடத்தில் எது நின்றது என்று கேட்டு எழுதவும் இதுதான் காலம்.

சரி, ஒரு கணினியை வைத்து ஒரு வகுப்புக்கு எப்படி என்று கேட்பார்கள். 1971இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் ஆசிரியப் பயிற்சியில் இருந்த மூன்று இளைஞர்கள் வரலாற்றுப் பாடத்துக்காக ஒரு கணினி விளையாட்டை எழுதினார்கள். ஒரிகன் ட்ரெயில் என்று பிறகு உலகப் புகழ் பெற்றது. கிழக்கில் இருந்து மாட்டு வண்டியில் குடும்பத்தோடு மேற்குக்குப் போகிற குடியேறிகளாகப் பிள்ளைகள் விளையாட வேண்டும், உணவு, துப்பாக்கி ரவை, மாடு எல்லாவற்றுக்கும் காசு கணக்குப் பார்க்க வேண்டும், வழியில் வயிற்றோட்டத்தில் சாகவும் கூடும். இதைச் சொல்வதற்குக் காரணம், அந்தக் காலத்தில் அதற்குத் திரையே கிடையாது. தந்தி இயந்திரம் மாதிரி ஒன்று, தாளில் கடகடவென்று அடித்துத் தள்ளும், அதுவும் வகுப்புக்கு ஒன்று. பிள்ளைகள் தாங்களாகவே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள், கெதியாகத் தட்டச்சத் தெரிந்தவர் வேட்டைக்கு, ஒருவர் வரைபடத்துக்கு, ஒருவர் கணக்குக்கு, முடிவு எல்லாரும் வாக்குப் போட்டு. ஒருவருக்கு ஒரு கருவி என்று கொடுத்திருந்தால் அந்த வாக்குவாதம் நடந்திருக்காது. ஆகவே ஆளுக்கொரு டேப் இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், ஒன்றைச் சுற்றி ஆறு பேர் இருப்பது குறை இல்லை, பல பாடங்களுக்கு அதுதான் நல்லது.

அதே விளையாட்டு இன்னொன்றையும் காட்டுகிறது. அது வண்டியில் போனவர்களின் பக்கத்தில் இருந்து சொல்லப்பட்ட கதை. அந்த நிலத்தில் ஏற்கனவே இருந்த பூர்வகுடிகளுக்கு அந்தப் பயணம் என்னவாக இருந்தது என்பதை விளையாடுகிற பிள்ளை அறியாது, இந்தக் குறையை அங்கேயே பலர் சொல்லியிருக்கிறார்கள். குடியேற்றம் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. எந்தச் சிமுலேஷனுக்குள்ளும் அதைச் செய்தவருடைய நினைப்பு ஒளிந்திருக்கிறது. எதைக் கூட்டினால் எது குறையும் என்ற விதியை யாரோ ஒருவர்தான் எழுதியிருக்கிறார். வெளியில் இருந்து வருகிற வரலாற்று, சமூகக்கல்வி விளையாட்டுகளை இறக்கி அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுக்க முதல் ஆசிரியர் ஒருவர் இருந்து விளையாடிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி, கணினியே இல்லாத ஒன்று. எனக்கு ஆகப் பிடித்ததும் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாக. தன்சானியாவில் உசங்கு என்ற பகுதி, மேலே நெல் வயல், கீழே வரண்டு போகிற ஆறு, தண்ணீருக்குச் சண்டை. அங்கே 2000களின் தொடக்கத்தில் புரூஸ் லங்க்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஒரு விளையாட்டைச் செய்தார். ஒரு சரிவான பலகை, நடுவில் ஆறு போலப் பள்ளம், மேலே இருந்து கண்ணாடிப் போளைகளை உருட்டிவிடுவார்கள், போளைதான் தண்ணீர். ஆற்றின் குறுக்கே சின்னக் குச்சிகளை வைத்து மறித்து அவரவர் தன் வயலுக்குப் போளையைத் திருப்பலாம். விளையாடியவர்கள் உண்மையான கமக்காரர். மேலே இருக்கிறவர் குச்சியை வைத்தால் கீழே இருக்கிறவருக்கு என்ன மிஞ்சும் என்பதைப் பலகையைச் சுற்றி நின்று எல்லாரும் ஒரே நேரத்தில் கண்டார்கள்.

இதை வாசித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வீட்டுத்திட்ட வேலையில் மிஞ்சிய பலகை ஒன்றில் தச்சுவேலை தெரிந்த ஒரு தகப்பனைக் கொண்டு பள்ளம் வெட்டுவித்தோம். போளைக்குக் குறைச்சல் இல்லை, தரம் ஆறு பெடியளின் பொக்கற்றைத் தட்டினால் போதும். மேலே குளம், இரண்டு பக்கமும் வாய்க்கால், வாய்க்காலோடு வயல்கள், ஒரு வயலுக்கு இருவர். முதல் ஆட்டத்தில் கதைக்கக்கூடாது என்று விதி. நினைத்தபடியே தலைப்பு வயல்காரர் அள்ளிக்கொண்டார்கள், கடைசி வயலுக்கு ஒரு போளையும் போகவில்லை, அங்கே நின்ற பெடியன் விதியை மறந்து கத்தத் தொடங்கிவிட்டான். இரண்டாவது ஆட்டத்துக்கு முதல் கூட்டம் வைக்கலாம் என்றேன். அவ்வளவுதான். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தகப்பன்மார் கதைக்கிறதை எங்கே இருந்து இவ்வளவு கவனித்தார்கள் என்று தெரியவில்லை, ஒருத்தி அரசாங்க அதிபராக நடுவில் இருந்து நேரத்தைப் பார்த்துப் பார்த்துக் கதைத்தாள், கமக்காரர் அமைப்புத் தலைவராக வந்தவன் எழும்பினால் இருக்க மாட்டேன் என்கிறான், நீர்ப்பாசன எஞ்சினியர் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுகிறார். சிரிப்புக்கு நடுவில் ஒரு ஒப்பந்தமும் வந்தது.

பிறகு போளைகளைப் பாதியாகக் குறைத்து இதுதான் சிறுபோகம், மழை குறைந்த காலத்தில் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற போகம், என்றேன். எத்தனை ஏக்கர் விதைப்பது? எல்லாருடைய வயலிலும் கொஞ்சம் கொஞ்சம் விதைப்பதா, அல்லது குளத்துக்குக் கிட்ட உள்ள காணியை மட்டும் விதைத்து எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வதா? கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் பெரியவர்கள் வருடாவருடம் மண்டையை உடைத்துக்கொள்கிற அதே கேள்வி. ஏன் பங்கு முறை வந்தது என்பதைப் பலகை பட்டென்று காட்டிவிட்டது: நீண்ட வாய்க்காலில் உருளும்போதே போளைகள் தவறிவிழுகின்றன, குறைந்த தண்ணீரைத் தூரம் கொண்டுபோனால் வழியிலேயே போய்விடும். அப்போது பின்னால் இருந்து ஒரு பிள்ளை கேட்டது, "குத்தகைக்குச் செய்யிறவருக்கு அந்தப் பங்கில இடம் இருக்கா சேர்?" அந்தப் பிள்ளையின் வீட்டில் சொந்தக் காணி இல்லை. பாடப் புத்தகத்தில் இதற்கு விடை இல்லை, என்னிடமும் இல்லை, கமநல சேவை நிலையத்தில் விசாரித்து வந்து சொல்ல வேண்டியிருந்தது. புவியியல், கணிதம், குடியியல் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தன.

இதன் இன்னொரு வடிவத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன், குளம் நிரம்பினால் தண்ணீரை வெளியே விடுகிற வான்கதவை வைத்து ஒரு வான்கதவு விளையாட்டு. 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கிளிநொச்சியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள், இரணைமடுக் கதவை எப்போது திறந்திருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் கதைத்தது. 36 அடி கொள்ளும் குளம். கதவை முந்தித் திறந்து, பிறகு மழை பொய்த்தால் சிறுபோகத் தண்ணீர் கடலுக்குப் போய்விடும். பிந்தித் திறந்தால் கண்டாவளைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். ஒவ்வொரு சுற்றிலும் வானிலை அறிவித்தல் என்று ஒரு சீட்டு, உண்மையில் பெய்த மழைக்குத் தாயக்கட்டை, கதவில் நிற்பவர் ஒருவர், கீழே குடியிருப்பவர் ஒருவர், வயல்காரர் ஒருவர். நிகழ்தகவு என்ற பாடத்தைக் காசு சுண்டிப் படிப்பிப்பதை விட இது நல்லதென்று நினைக்கிறேன். அதோடு, அடுத்த முறை ஒரு அதிகாரியை ஏச முதல் அந்தக் கதவடியில் நின்று யோசித்த பிள்ளையாக இருக்கும். ஏசக்கூடாது என்று சொல்லவில்லை, தெரிந்து ஏசட்டும்.

இப்படி விளையாடும் பாடத்தில் பாதி நேரம் விளையாட்டுக்கு, பாதி நேரம் முடிந்த பிறகு இருந்து கதைப்பதற்கு. அந்தப் பாதியை வெட்டினால் மற்றப் பாதி வெறும் பொழுதுபோக்கு. இதைச் சொன்னவர்களில் ஒரு தமிழரும் இருக்கிறார், சென்னையில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிவசைலம் தியாகராஜன், பயிற்சித் துறையில் தியாகி என்றால் உலகமெங்கும் தெரியும். பார்ங்கா என்று 1980இல் அவர் செய்த சீட்டாட்டம் ஒன்று உண்டு. பல மேசைகள், ஒவ்வொரு மேசைக்கும் விதி கொஞ்சம் வேறு, அது யாருக்கும் தெரியாது, விதித்தாளை வாசித்த பிறகு வாங்கிவிடுவார்கள், வாய் திறக்கவும் கூடாது. வென்றவர் அடுத்த மேசைக்குப் போவார், போன இடத்தில் எல்லாரும் கள்ள ஆட்டம் ஆடுகிறார்கள் என்று நினைப்பார். பல ஊர் ஆரம்பப் பாடசாலைகளில் இருந்து வந்து ஒன்றாகச் சேரும் தரம் ஆறு வகுப்புக்கு முதல் கிழமையிலேயே இதை விளையாடிவிட்டுக் கதைக்கலாம். இடமாற்றத்தில் வெளி மாவட்டத்தில் இருந்து வரும் ஆசிரியர்களுக்கும் வைக்கலாம், எங்களுக்கும் சேர்த்து. செலவு நாலைந்து சீட்டுக்கட்டு.

இப்போது விஆர் கண்ணாடி கேட்கிறவர்களுக்கு. 2003இல் வந்த செக்கண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தின் கதையை ஒருதரம் பாருங்கள். கொஞ்சக் காலத்தில் மேற்கில் பல பல்கலைக்கழகங்கள் அங்கே காசு கொடுத்துத் தீவு வாங்கின. வாங்கி என்ன செய்தார்கள்? நிறையப் பேர் தங்கள் வளாகத்தையே அங்கே திரும்பக் கட்டினார்கள், மண்டபம், மேடை, வரிசையாகக் கதிரை. ஆட்களுக்குப் பதிலாக அங்கே உலாவுகிற, பறக்கத் தெரிந்த உருவங்களைக் கதிரையில் இருத்தி விரிவுரை நடத்தினார்கள்! 2010இல் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணச் சலுகையை நிறுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்ததும் பலர் மூட்டையைக் கட்டினார்கள். கொரோனா காலத்தில் நாங்களும் அதைத்தான் செய்தோம், கரும்பலகையைத் தூக்கிச் சூமுக்குள் வைத்தோம். புதிய இடத்தில் பழைய வகுப்பையே நடத்துவதற்குக் கண்ணாடி எதற்கு?

அப்படியொரு உலகத்தை உருப்படியாகப் பாவித்த இடமும் உண்டு. ஐக்கிய நாடுகளின் குடியிருப்புத் திட்டமான யுஎன் ஹாபிடாட், கட்டைகளை அடுக்கி எதையும் கட்டுகிற மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டைச் செய்த நிறுவனத்தோடு சேர்ந்து 2012இல் ஒரு வேலையைத் தொடங்கியது. நைரோபியின் கிபேரா போன்ற ஏழைக் குடியிருப்புகளில் இருக்கிற சனத்தைக் கூப்பிட்டு, அவர்களுடைய விளையாட்டு மைதானம், நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்று மைன்கிராஃப்ட் கட்டைகளால் அவர்களையே கட்டிக் காட்டச் சொன்னார்கள். வரைபடம் வாசிக்கத் தெரியாதவரும் கட்டைக்குள் நடந்து பார்த்து "இங்கே வெளிச்சம் இல்லை, இரவில் பயம்" என்று சொல்ல முடியும். மீளக்குடியமர்ந்த காலத்தில் எங்கள் வீட்டின் குசினி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று யாராவது எங்களைக் கேட்டார்களா? அளவும் வடிவமும் மேலே இருந்து வந்தன, நாங்கள் அத்திவாரம் வெட்டினோம். அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சந்தையை, பஸ் தரிப்பிடத்தை ஒருமுறை கட்டைகளால் திட்டமிட்டுப் பார்க்கட்டும், பிரதேச சபைக்கு அதைக் கொண்டுபோய்க் காட்டட்டும். மைன்கிராஃப்டுக்குக் காசு வேண்டும் என்றால் அதே மாதிரி இலவசமாக மைன்டெஸ்ட் இருக்கிறது, இப்போது லுவான்டி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், நெட் இல்லாமல் அறைக்குள் உள்ள கணினிகளை மட்டும் இணைத்தும் ஓடும்.

கண்ணாடியைப் பற்றி இன்னும் ஒன்று. சிலருக்கு அதை மாட்டினால் தலை சுற்றிச் சத்தி வரும், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று செய்கிற நிறுவனங்களே வயது எல்லை போடுகின்றன. போர்க் காட்சிகளை மெய்நிகராகக் காட்டலாம் என்ற யோசனையோடும் யாராவது வருவார்கள், அதை உளநல மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் வகுப்புக்குள் விடவே கூடாது.

புள்ளி கூட்டி, நட்சத்திரம் கொடுத்து, கைதட்டல் சத்தம் போடுகிற வினாடிவினாச் செயலிகளை நான் இந்தக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அது கடந்தகால வினாத்தாளுக்குப் போட்ட பூச்சு. மனனம் செய்ய உதவும், உதவட்டும்.

"இது சோதினைக்கு வருமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயம். பிள்ளை சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தில் தவறினால் அந்த வீட்டில் யார் என்ன ஆறுதல் சொன்னாலும் எடுபடாது. ஆனால் அந்த வினாத்தாள்களை எடுத்துப் பாருங்கள், ஒரு பரிசோதனையைச் சொல்லி, இதை மாற்றினால் என்ன நடக்கும், ஏன், என்று கேட்கிற கட்டமைப்பு வினாக்களில்தான் எங்கள் பிள்ளைகள் புள்ளியை விடுகிறார்கள், உயர்தரப் பௌதிகவியலிலும் அதே கதை. மாற்றிப் பார்த்த பிள்ளைக்குத்தான் அது எழுத வரும். ரியூசனில் அதற்கு நேரம் இல்லை.

ஆகவே யாரிடம் என்ன கேட்கிறேன் என்றால், முதலில் அதிபர்களிடம், கணினி அறையைத் திறந்துவிடுங்கள். பழுதாகிவிடும் என்ற பயத்தில் துணி போர்த்திப் பூட்டி வைத்த கணினியும் ஐந்து வருடத்தில் பழையதாகித்தான் போகிறது, அதை விடப் பிள்ளைகள் தொட்டுப் பழுதாகட்டும். நேரசூசியில் விஞ்ஞானத்துக்குக் கிழமையில் ஒருதரமாவது இரண்டு பாடவேளையைச் சேர்த்துத் தாருங்கள், ஒரு பாடவேளைக்குள் விளையாடி முடிக்கவே மணி அடித்துவிடும், கதைக்க நேரம் இருக்காது. வலயக் கல்விப் பணிமனைகளிடம், இலவசச் சிமுலேஷன்களை எங்கள் பாட அலகு வரிசையில் அடுக்கி ஒரு பென் ட்ரைவில் போட்டு எல்லாப் பாடசாலைக்கும் அனுப்புங்கள், ஒரு உற்சாகமான ஆசிரிய ஆலோசகர் மனம் வைத்தால் விடுமுறைக்குள் முடிக்கிற வேலை. மேற்பார்வைக்கு வரும்போது வகுப்பில் சத்தம் கேட்டால் உடனே குறிப்புப் புத்தகத்தைக் கேட்காமல் ஐந்து நிமிடம் நின்று என்ன சத்தம் என்று பாருங்கள்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர்களிடமும் ஒன்று. நீங்கள் அனுப்புகிற காசு எவ்வளவு கஷ்டத்தில் உழைத்தது என்று தெரியும், நன்றி மறக்கவில்லை. ஆனால் நாடா வெட்டிப் பெயர் பொறித்துத் தந்த ஸ்மார்ட் போர்ட் பல இடங்களில் வெள்ளைத் திரையாக மட்டும் பாவிக்கப்படுகிறது, அல்லது மின்னல் அடித்துப் போய் அப்படியே நிற்கிறது. அனுப்ப முதல் படிப்பிக்கிற ஆசிரியரை ஒருதரம் அழைத்துக் கேளுங்கள், அவர் கேட்பது அனேகமாக மின்னலுக்குப் பாதுகாப்பு, ஒரு யுபிஎஸ், புரொஜெக்டருக்கு மாற்றுக் குமிழ், ஒரு பெட்டி பற்றரி என்று பெயர் பொறிக்க இடமில்லாத சாமானாகத்தான் இருக்கும்.

போளைப் பலகையின் அளவையும் விதிகளையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் என்று எந்தக் குளத்தடிப் பாடசாலை ஆசிரியராவது செய்து பார்க்க விரும்பினால் உங்கள் பத்திரிகைக்கு எழுதட்டும், ஆசிரியர் அவர்கள் அனுமதித்தால் அந்தத் தாளைப் படத்தோடு அனுப்பி வைக்கிறேன். அவரவர் குளத்துக்கு ஏற்ற மாதிரி வாய்க்காலை மாற்றிக்கொள்ள வேண்டும். வான்கதவு விளையாட்டுக்கு மழைத் தரவு தந்து உதவக்கூடிய நீர்ப்பாசனத் திணைக்கள நண்பர்கள் யாராவது இதை வாசித்தால், அவர்களும்.

இங்ஙனம்,
விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.